புளுகனுக்கு ஒரு குட்டு

காலிஃபிளவரை நறுக்குவதற்கு முன்னால் அதை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். சமையலறை மேடையில் ஈரத்துணியை விரித்து, பூவை அதன்மேல் உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு வாகாகத் திருப்பிவிட்டு, கைப்பேசியோடு குனிகிறாள் அக்கா. அடுப்பில் வாணலி காய்ந்து புகை விடத் தொடங்கிவிட்டது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கைப்பேசி ஒரு நொடி யோசிக்கிறது. பிறகு கொட்டை எழுத்தில் பதில் சொல்கிறது: காலிஃபிளவர் பவளம்.

"புளுகன்," என்கிறாள் அக்கா. நடுவிரலை மடக்கிக் கைப்பேசியின் உச்சந்தலையில் ஒரு குட்டு வைக்கிறாள்.

"பாதி சரியாத்தானே சொல்லியிருக்கு? பாஸ் போட்டு விடு, பாவம்," என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. அது அவளுடைய வீட்டுக்காரர்.

புளுகன் என்று அவள் திட்டுவது ஒரு பவள வழிகாட்டியை. கடலுக்கடியில் வளரும் பவளங்களை அடையாளம் காட்டுவதற்காக ஒரு சிறு குழு முதலில் இணையதளம் ஒன்றை நடத்தி வந்தது. ஒவ்வொரு பவளத்துக்கும் ஒரு பக்கம். கிட்டப் போய் எடுத்த படம், எட்ட நின்று எடுத்த படம், எந்த ஆழத்தில் வளரும், எதோடு போட்டுக் குழப்பிக்கொள்வோம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். பிறகு அதையே சுருட்டி மடக்கிக் கைப்பேசிக்குள் அடைத்தார்கள். தண்ணீர் புகாத உறையில் கைப்பேசியைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கி ஒரு படம் எடுத்தால் போதும், சிக்னல் இல்லாத இடத்திலும் அது பெயரைச் சொல்லி, அந்தப் பவளத்தின் பக்கத்தையும் திறந்து காட்டிவிடும். குழுவில் மற்றவர்களுக்கு அது பெயர் சொல்லச் சொல்லப் பூரிப்பு. அதைப் பொய் சொல்ல வைப்பதற்கென்றே வேலைக்கு அமர்த்தப்பட்டவள் அக்கா ஒருத்திதான். அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம் அக்கா' என்று பெயர். பவளப் பக்கங்களை எழுதும் பேராசிரியர்கூட, அவளைவிட வயதில் மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பவளங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் சாப்பிடாமல் கடலில் இறங்கியிருக்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. காளான் பவளம் என்கிறார்கள், முட்டைக்கோஸ் பவளம் என்கிறார்கள், எல்லாவற்றையும் பரப்பி வைத்துச் சாப்பிட மேசைப் பவளம் என்று வேறு ஒன்று. "காய்கறிக் கடைக்குப் போயிட்டு வந்த மாதிரியில்ல இருக்கு!" என்பாள். அதனால் அவளும் கடைத்தெருவிலிருந்தே தொடங்கினாள். காளானைக் காட்டினாள். வால்நட்டைக் காட்டினாள். தரை துடைக்கும் மாப்பைக் கவிழ்த்து வைத்துக் காட்டினாள். பாத்திரம் தேய்க்கும் நாரை நனைத்தும் நனைக்காமலும் காட்டினாள். வழிகாட்டி எதற்கும் அசரவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூசாமல் ஒரு பெயர் சொன்னது. அலுவலகத்தில் அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தால் யாரோ அவசரமாக வீடு காலி செய்துகொண்டு போன மாதிரி இருக்கும்.

ஒருநாள் குனிந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் சுருட்டை முடியையும் படம் எடுத்தாள். மூளைப் பவளம் என்றது. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு மூளை இல்லைன்னு சொல்லிட்டிருந்த. பாரு, இப்ப மெஷின வச்சே இருக்குன்னு நிரூபிச்சிட்ட," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். அன்றைக்கும் கைப்பேசிக்குத்தான் குட்டு விழுந்தது.

இந்தச் சந்தேகப் புத்தி அவளுக்குப் பிறவியிலேயே வந்தது என்று வீட்டுக்காரர் சொல்வார். அக்கா அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். பூட்டுக் கம்பெனியில் வந்தது என்பாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் அங்கேதான் இருந்தாள். புதிதாகச் செய்து வரும் பூட்டுகளில் தப்பான சாவிகளைப் போட்டுத் திருகிப் பார்ப்பது அவளுடைய பிரிவு. "சரியான சாவிக்கு எந்தப் பூட்டும் திறக்குங்க. தப்புச் சாவிக்குத் திறக்கக் கூடாது பாருங்க, அதுலதான் இருக்கு சங்கதி," என்று சொல்லும்போது அவளுடைய மணிக்கட்டு தன்னையறியாமல் ஒரு திருகு திருகும். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிய பிறகு திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பிறகு பீரோ சாவியை அதில் போட்டும் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவர். அவர் வாயில் 'தெரியாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. எந்த ஊர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டால் சொல்வார். அந்த ஊரில் நல்ல பல் டாக்டர் யார் என்று கேட்டாலும் சொல்வார். அவர் சொன்னதை நம்பிப் பின்பக்கம் போய் நின்று, முன்பக்கமாகப் போன பேருந்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. கோபத்தோடு திரும்பி வருகிறவர்களிடம் அவர் அடுத்த வண்டிக்கு வழி சொல்வார். அதிலும் எத்தனை பேர் ஏறினார்களோ. அக்கா இதைச் சொல்லிக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் அவருடைய பதில் ஒன்றேதான். "ஒருத்தர் நம்மளத் தேடி வந்து கேக்கறார். வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

வீட்டில் ஒரு புளுகன், கையில் ஒரு புளுகன் என்று அக்காவின் நாட்கள் சிரிப்பும் குட்டுமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. படகுக்காரர் கூப்பிடுகிற வரைக்கும்.

வழிகாட்டியை எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன்னால் ஒரு சிலரிடம் கொடுத்துப் பழகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் படகுக்காரர். பவளத் திட்டுகளைப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போவது அவர் தொழில். அவருடைய தங்கை வந்தவர்களோடு தண்ணீரில் இறங்கிச் சுற்றிக் காட்டுவாள். படகுக்காரர் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு தகவலுக்குத்தான். தங்கச்சிக்குக் கை கொஞ்சம் வெந்து போச்சு."

"ஐயையோ! அடுப்புலயா?"

"இல்லம்மா, தண்ணியில."

மெதுவாகத்தான் விவரம் வந்தது. அறுந்த மீன்வலை ஒன்று பவளத்தில் சிக்கிக் கிடந்திருக்கிறது. அந்தப் பவளம் மஞ்சள் நிறம், கிளை கிளையாக, நுனியில் வெள்ளை. வலையை எடுக்கலாமா கூடாதா என்று பார்க்க வழிகாட்டியில் படம் பிடித்திருக்கிறார்கள். மான்கொம்புப் பவளம் என்று அது சொல்லியிருக்கிறது. பக்கத்தையும் திறந்து காட்டியிருக்கிறது.

"அதுல போட்டிருந்துச்சும்மா, இது சீக்கிரம் ஒடிஞ்சிடும், பதமா நடந்துக்கணும்னு. கையுறை போட்டா பதம் தெரியாதுன்னு தங்கச்சி அதைக் கழட்டி வச்சிட்டா. வெறுங்கையாலேயே இழை இழையா வலையப் பிரிச்சு எடுத்தா. மேல வந்தப்புறம் பாத்தா உள்ளங்கையெல்லாம் கொப்பளம். டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, ஆறிடுமாம். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்பதற்காக அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"நாங்கதாம்மா படத்த சரியா எடுக்கல போலிருக்கு. அது தப்பா சொல்லாதே."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மாப்பையும் வால்நட்டையும் காட்டி அதை ஏமாற்றியவளுக்கு அது எவ்வளவு பெரிய புளுகன் என்று தெரியும். அதை இவ்வளவு நம்புகிற ஒரு மனிதர் இருப்பார் என்றுதான் தோன்றவில்லை. ஒடிந்துவிடக் கூடாதே என்று கையுறையைக் கழற்றியிருக்கிறாள் அந்தப் பெண்.

படகுக்காரர் அனுப்பிய படத்தை அன்றைக்கே பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்தவுடனே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"நெருப்புப் பவளம்க்கா. தொட்டா சுடும்."

"நம்ம வழிகாட்டில அது இல்லையே சார்?"

"பேருதான் பவளம். கணக்குப்படி அது பவளமே இல்ல, ஜெல்லி மீன் வகையறா. பவள வழிகாட்டில பவளம் இல்லாதத எதுக்குப் போடணும்னு நான்தான் விட்டுட்டேன்."

யார்மேல் குற்றம் சொல்வது? பவளங்களின் குடும்ப அட்டையில் இல்லாததை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. பவளம் இல்லாதவற்றைக் காட்டிப் பார்ப்பதே வேலையாக இருந்த அக்காவும் சமையலறையையும் குளியலறையையும் ஒன்று விடாமல் காட்டினாளே தவிர, கடலுக்குள்ளேயே பவளம் மாதிரி வேறு ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. அக்கா அந்தப் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

"இன்னிக்கே அதுக்கு ஒரு பக்கம் போட்டுடறேன்," என்றார் பேராசிரியர்.

"போடுங்க சார். அப்புறம் நாளைக்கு வேற ஒண்ணு வரும். அதுக்கும் ஏதோ ஒரு பேரச் சொல்லும். நமக்குப் பேர் தெரிஞ்சதுதான் கடல்ல இருக்கணும்னு எதாவது சட்டமா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லக் கத்துக் குடுங்க."

பேராசிரியர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டு ஆட்டிய ஆட்டம் இல்லை அது. வழிகாட்டி அடுத்த வாரம் வெளியாக வேண்டும். "யோசிச்சுப் பாருங்கக்கா. மூச்சப் பிடிச்சுட்டு தண்ணிக்குள்ள போய் ஒருத்தர் படம் எடுக்கறார். தெரியலன்னு சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? ரெண்டு தடவ பாப்பார். மூணாவது தடவ அழிச்சிடுவார். கையில இல்லாத வழிகாட்டி யாருக்கு வழி காட்டும்?"

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அக்காவுக்கு எரிச்சல். முட்டாள்தனமாகப் பேசுகிறவர்களை எதிர்த்துப் பேச அவளுக்கு வரும். பேராசிரியர் நல்ல மனிதர், சொல்வதும் சரியாக இருக்கிறது, அப்படியே விட்டால் இன்னொரு கை வேகப் போகிறது. தப்புச் சாவிக்கும் திறக்கிற பூட்டைத் தன் கையாலேயே கடைக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்று மாலை வீட்டில் கோபம் முழுக்க வீட்டுக்காரர்மேல் திரும்பியது. வேறு யார் கிடைப்பார்கள்?

"ஒரே ஒரு தடவ, யார்கிட்டயாவது, 'எனக்குத் தெரியலைங்க'ன்னு சொன்னா உங்க தலை வெடிச்சிடுமா?"

வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"அந்த ஜன்னல்ல நீ ஒரு நாள் உக்காந்து பாரு. கையில மூட்டை, இடுப்புல குழந்தை, கண்ணுல தூக்கம். நம்ம மூஞ்சியையே பாத்துட்டு நிப்பாங்க. தெரியலன்னா அந்த மூஞ்சி அப்படியே தொங்கிப் போயிடும். அதப் பாக்க முடியாமத்தான் ஏதோ ஒண்ணச் சொல்லிடறேன். அவங்க நகந்துட்டா எனக்கு நிம்மதி." தேநீரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "தப்புத்தான்," என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொல்லி அக்கா கேட்டதில்லை. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான் அள்ளி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மனிதர் பயந்துபோய்ப் புளுகியிருக்கிறார். அவளுக்குக் கோபம் போய்விட்டது. போன இடத்தில் வேறு ஒன்று வந்தது.

"அப்போ வெறுங்கையோட அனுப்பாதீங்க," என்றாள். "தெரியலன்னு சொல்லிட்டு கையில ஏதாவது குடுத்து அனுப்புங்க."

"என்னத்தக் குடுக்கறது?"

"இப்போதைக்கு இங்க உக்காருங்க, அந்தப் பக்கம் போகாதீங்க, விசாரிச்சுட்டு வந்து சொல்றேன். இதக் குடுக்க முடியாதா?"

அவருக்குச் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா தெரியாது. மறுநாள் காலையில் அக்கா பேராசிரியரின் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் தெரியவில்லை என்ற சொல்லுக்குக் கீழே இடம் காலியாகத்தானே இருக்கும், அதில் ஏதாவது கொடுப்போம் என்றாள். பேராசிரியர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, நீளம் என்றாள். தண்ணீருக்குள் யார் நின்று கதை படிப்பார்கள்? கடைசியில் அவர் எழுதியது இவ்வளவுதான்: *தெரியவில்லை. தொடாதீர்கள். இன்னொரு பக்கமிருந்து ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.* தொடாதீர்கள் என்பது பேராசிரியரின் சொந்தச் சரக்கு. அது அக்காவுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே அவள் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

தெரியவில்லை என்று சொல்லப் பழக்குவது எளிதாக இல்லை. முதல் இரண்டு நாள் வழிகாட்டிக்கு ஒரேயடியாகத் தாழ்வு மனப்பான்மை வந்துவிட்டது. எதைக் காட்டினாலும் தெரியவில்லை, தொடாதீர்கள் என்றது. தனக்குள்ளேயே ஒரு பக்கம் வைத்திருக்கிற மூளைப் பவளத்தின் படத்தைக் காட்டினார்கள், அதையும் தெரியாது என்று சாதித்தது. "அளந்து பேசச் சொன்னா மௌன விரதமா இருக்கற?" என்று அக்கா அதற்கும் ஒரு குட்டு வைத்தாள். எவ்வளவு சந்தேகம் வந்தால் வாயை மூடுவது என்பதைத் திருகித் திருகிச் சரி செய்தார்கள். வெளியீடு தள்ளிப் போயிற்று. பேராசிரியர் யாருக்கோ தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியே கேட்டது. அவர் அதைப் பற்றி அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெருப்புப் பவளத்துக்குப் பக்கம் தயாரானது. அதன் தலைப்பிலேயே 'இது பவளம் இல்லை' என்று போட வேண்டும் என்று பேராசிரியர் ஒற்றைக்காலில் நின்றார், போட்டுக்கொண்டார்.

வழிகாட்டி வெளியாகி எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் அக்கா இழுப்பறையைக் காலி செய்யவில்லை. கடைக்குப் போனால் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது. சுருள் சுருளான கால்மிதி ஒன்றை வாங்கி வந்தபோது, இது வாசலுக்கா, வழிகாட்டிக்கா என்று வீட்டுக்காரர் கேட்டார். முதலில் வழிகாட்டிக்கு, பிறகு வாசலுக்கு என்று தீர்ப்பானது. அவருடைய விசாரணை ஜன்னலின் உள்பக்கம் இப்போது ஒரு காலி நாற்காலி கிடக்கிறதாம். தெரியாத கேள்வியோடு வருகிறவர்களை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் எழுந்து போய் விசாரித்துக்கொண்டு வருகிறாராம். இதைச் சொன்னவரும் அவரேதான் என்பதால் அக்கா ஒருநாள் பேருந்து நிலையத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாற்காலி இருந்தது.

மறுபடியும் ஒரு காலிஃபிளவர். மறுபடியும் ஈரத்துணி, ஜன்னல் வெளிச்சம், புகையும் வாணலி. அக்கா படம் எடுத்துவிட்டு, மடக்கிய விரலைத் தயாராக ஓங்கிக்கொண்டு காத்திருந்தாள். பதில் வருவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. படகுக்காரர்.

"அம்மா, உங்க ஆப்பு கெட்டுப் போச்சு போலிருக்கு."

"ஏன், என்ன பண்ணுது?"

"தெரியலன்னு சொல்லுதும்மா! இத்தன நாளா எதக் கேட்டாலும் டக்குனு சொல்லிட்டிருந்துச்சு. இன்னிக்கு வலை ஒண்ணு மாட்டிக் கிடந்துச்சு. கோழி இறகு மாதிரி கொத்து கொத்தா ஏதோ ஒண்ணு, அதுல. படம் எடுத்தா, தெரியலங்குது. திருப்பி எடுத்தா, அப்பவும் தெரியலங்குது."

நெருப்புப் பவளத்துக்குப் பக்கம் எழுதியபோது, இவையெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள் என்று பேராசிரியர் காட்டிய படங்களில் ஒன்று அக்காவின் கண்முன்னால் வந்து நின்றது. இறகு மாதிரிதான் இருக்கும். அதுவும் சுடும்.

"தங்கச்சி?" என்றாள். "வலைய எடுத்தாளா? கைய வச்சாளா?"

"நல்லா கேட்டீங்க போங்க! தெரியாத ஒண்ணுமேல எப்படிம்மா கைய வைக்கிறது? சிக்காம கெடந்த வலைய மட்டும் அறுத்து எடுத்துட்டு, மிச்சத்த அப்படியே விட்டுட்டு மேல வந்துட்டா. பக்கத்துலதான் நிக்கறா. படம் அனுப்பச் சொல்லுது, அனுப்பட்டுமா?"

அனுப்பச் சொன்னாள். கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தபோது திரையில் காலிஃபிளவருக்கான பதில் வந்து காத்துக்கொண்டிருந்தது. தெரியவில்லை. தொடாதீர்கள். வாணலி கருகும் வாசனை பிடித்துக் கூடத்திலிருந்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அடுப்பை அணைத்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அக்காவின் நடுவிரல் இன்னும் மடங்கியபடியே இருந்தது. அவள் அதை மெல்லப் பிரித்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியின் உச்சந்தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.